உலகின் மிகப் பெரிய பைப் ஆர்கன்கள்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராக்கில், சுங்கை சிப்புட்டில் ஹார்மோனியமும் கீபோர்டும் கற்றுக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு உலகின் பெரிய பைப் ஆர்கன்களின் பதிவுகளைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. மாணவர்கள் கேட்கிறார்கள், அவர்களை அழைத்துப்போக வருகிற பெற்றோர் கேட்கிறார்கள், செம்பனை ஆலையில் வேலை முடித்து வருகிறவர்களும் வாசலில் நின்று கேட்கிறார்கள். அதன்பின் அதே சந்தேகங்கள், வெவ்வேறு வாய்களிலிருந்து. அவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே எழுதி, பதில்களையும் சேர்த்திருக்கிறேன்.

பைப் ஆர்கன் என்றால் என்ன மாஸ்டர்? எங்கள் சபையில் இருக்கிற ஆர்கனும் அதுதானே?

இல்லை. தோட்டப்புறச் சபைகளில் நாம் பார்ப்பது மின்சார ஆர்கன். அதில் ஒலி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பைப் ஆர்கனுக்கு ஸ்பீக்கர் கிடையாது, காற்றுதான் எல்லாம். மோட்டார் விசிறி காற்றைத் தள்ளுகிறது. பெரிய துருத்தி அதை ஒரே சீரான அழுத்தத்தில் தேக்கி வைக்கிறது. வாசிப்பவர் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழாயின் அடியில் ஒரு சிறு கதவு திறக்கிறது, காற்று உள்ளே போகிறது, குழாய் பேசுகிறது. விரலை எடுக்கும்வரை ஒலி தேயாமல் அப்படியே நிற்கும்.

குழாய்களில் இரண்டு வகை. புல்லாங்குழல் போல விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவை ஒன்று. நாதஸ்வரத்தில் சீவாளி துடிப்பதுபோல அடியில் ஒரு பித்தளை நாக்கு துடித்து ஒலிப்பவை இன்னொன்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த டெசிபியஸ் என்ற பொறியாளர் தண்ணீரைக் கொண்டு காற்றழுத்தத்தைச் சீராக்கி முதல் ஆர்கனைச் செய்தார். இன்றைய ராட்சத ஆர்கன்களின் அடிப்படையும் அதுதான்.

குழாய்களை மரத்திலும் துத்தநாகத்திலும் செய்வார்கள். நயமான உலோகக் குழாய்களுக்கு வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகடு வேண்டும். பெரிய ஆர்கன்கள் எழுந்த காலத்தில் உலகிலேயே அதிக வெள்ளீயம் தோண்டிய நாடுகளில் முன்னணியில் இருந்தது மலாயா, அதிலும் நமக்குத் தெற்கே இருக்கிற கிந்தா பள்ளத்தாக்கு. ஈப்போ போகிற வழியில் ஈயக் குட்டைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஹார்மோனியத்தைப் பெரிதாக்கினால் பைப் ஆர்கன் வந்துவிடுமா?

வராது. ஹார்மோனியத்தில் குழாயே இல்லை. உலோக ரீடு தன் சட்டத்துக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த ஆட்டமே ஸ்வரம். ரீடின் நீளமும் கனமும் ஸ்வரத்தைத் தீர்மானிக்கின்றன. பைப் ஆர்கனில் ஸ்வரத்தைப் பிடித்து வைப்பது குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தூண். ஹார்மோனியத்துக்கு 1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் டெபேன் காப்புரிமை வாங்கினார். மேசைபோல நின்று, காலால் மிதித்து வாசித்த அந்தக் கருவியை, தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாகக் கல்கத்தாவில் மாற்றியவர் துவாரகாநாத் கோஷ். நம் பஜனைகளில் இருப்பது அந்தப் பெட்டி. இரண்டுக்கும் காற்றுதான் உயிர், உறவு அவ்வளவுதான்.

கட்டைக்கு ஒரு குழாய் என்று வைத்தால் 61 குழாய் போதுமே. முப்பதாயிரம் எதற்கு?

எல்லாருக்கும் எழுகிற கேள்வி இது. இதற்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றவை எளிது.

61 கட்டைக்கு 61 குழாய் வைத்தால் ஒரே ஒரு குரல் கிடைக்கும். அந்த ஒரு தொகுதிக்குக் குழாய் வரிசை என்று பெயர். மென்மையான குரல் வேண்டுமானால் வேறு வடிவில் இன்னொரு வரிசை செய்ய வேண்டும். எக்காளக் குரலுக்கு ஒன்று, வயலின் சாயலுக்கு ஒன்று, ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க ஒன்று, கீழே ஒலிக்க ஒன்று. குழாயை வாசிக்கும்போது சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. கூடுதலாக ஊதினால் ஸ்வரம் பிசகும். ஆகவே ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வலிமைக்கும் தனி வரிசை தேவைப்படுகிறது. வாசிப்பவர் முன்னே இருக்கும் ஸ்டாப் குமிழ்கள் எந்த வரிசை பேசலாம், எது சும்மா இருக்கலாம் என்று தீர்மானிக்கின்றன. சில ஸ்டாப்களில் ஒரு கட்டைக்கு நான்கைந்து குழாய்கள் சேர்ந்தே ஒலிக்கும். கால்களால் வாசிக்கும் பெடல்களுக்கும் தனி வரிசைகள் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது வரிசை வைத்தாலே மூவாயிரம் குழாய். ஒரு நல்ல கச்சேரி மண்டபத்துக்கு இந்த அளவு இயல்பானது. பேராசையால் வந்த எண்ணிக்கை என்று இதைச் சொல்ல மாட்டேன். பேராசை எங்கே தொடங்குகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உலகத்திலேயே பெரியது எது?

குழாய்களை எண்ணினால் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் உள்ள போர்டுவாக் மண்டபத்து ஆர்கன். 33,112 குழாய்கள், 449 வரிசைகள். வரிசைகளை எண்ணினால் பிலடெல்பியாவின் வனமேக்கர் ஆர்கன். 464 வரிசைகள், 28,750 குழாய்கள்.

வரிசை குறைவாக இருந்தும் குழாய் எப்படி அதிகம் என்று ஒரு மாணவி உடனே கேட்டாள். அட்லாண்டிக் சிட்டியில் பல வரிசைகள் 61-இல் நிற்காமல் மேலும் கீழும் நீள்கின்றன. 33,112-ஐ 449-ஆல் வகுத்தால் வரிசைக்கு 73-க்கு மேல் வருகிறது. வனமேக்கரில் வகுத்தால் 62-தான். முழுவதும் ஒலிக்கக்கூடியவற்றில் பெரியது எது என்று கேட்டால் நெடுங்காலமாகவே வனமேக்கரைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள். அட்லாண்டிக் சிட்டி ஆர்கனின் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் ஊமையாகக் கிடந்தது. எனக்கும் வனமேக்கர்தான் பெரியது. ஒலிக்காத குழாயை எண்ணிக்கையில் சேர்ப்பதை என் மனம் ஏற்கவில்லை.

வனமேக்கர் ஆர்கனைத் துணிக்கடையிலா வைத்தார்கள்?

ஆமாம், பல மாடிப் பேரங்காடியின் நடுக்கூடத்தில். அந்த ஆர்கன் முதலில் கடைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காகச் செய்தார்கள். ஜார்ஜ் ஆஷ்டவுன் ஆட்ஸ்லி என்பவர் வடிவமைத்தார். பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட குழாய்கள். செலவு கைமீறிப் போய், கட்டிய லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனம் நொடித்தது. கண்காட்சி முடிந்ததும் ஆர்கன் கிடங்கில் கிடந்தது. 1909-இல் ஜான் வனமேக்கர் என்ற வணிகர் அதை வாங்கி, பதின்மூன்று சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றிப் பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தார். 1911 ஜூன் 22 அன்று, லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடிய நாளில், கடையில் அது முதன்முதலாக ஒலித்தது. அதே காலத்தில்தான் இங்கே ரப்பர் விலை ஏறி, காடழித்துப் பால்மரம் நட நம் முன்னோர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாயிரம் குழாய் அந்தக் கூடத்துக்குப் போதவில்லை. ஒலி மேலே போய் மெலிந்துவிட்டது. உடனே அவர்கள் கடையின் மேல்மாடியிலேயே சொந்த ஆர்கன் பட்டறை அமைத்தார்கள். 1917-க்குள் எண்ணாயிரம் குழாய், 1924-இலிருந்து 1930-க்குள் இன்னும் பத்தாயிரம். சேர்த்ததில் பெரும்பகுதி சத்தத்துக்காக அல்ல. வயலின் சாயலுள்ள தந்திக் குரல்களுக்கு மட்டும் 88 வரிசைகளை ஒரே அறையில் வைத்தார்கள். மிக மெல்லிய குரல்கள் ஐயாயிரத்துக்கும் மேல் ஒன்றாகச் சேரும்போது எழுகிற ஒலி ஒரு தனி ரகம். ஒவ்வொன்றும் மயிரிழை வேறுபடுவதால் மொத்தமும் மினுங்கும். நான் இதுவரை கேட்ட ஆர்கன் ஒலிகளில் என்னை அசைத்துப்போட்டது இதுதான், எக்காளங்கள் அல்ல.

அட்லாண்டிக் சிட்டிக்காரர்கள் ஏன் அதையும் மிஞ்ச நினைத்தார்கள்?

1929-இல் திறக்கப்பட்ட அந்த மண்டபம் நடுவில் தூணே இல்லாத ஒரு பேரரங்கு. சாதாரண ஆர்கனை அதில் வைத்தால் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் வடிவமைத்த எமர்சன் ரிச்சர்ட்ஸ் அதோடு நிற்கவில்லை. அவர் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டர், வழக்கறிஞர், ஆர்கன் பித்து தலைக்கேறியவர். தனக்குத் தெரிந்த எல்லா வகைக் குரலையும் ஒரே கருவிக்குள் அடைக்க ஆசைப்பட்டார். மிட்மர்-லாஷ் நிறுவனம் 1929 முதல் 1932 வரை அதைக் கட்டியது. அது பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுக்காலம். ஏழு அடுக்கு விசைப்பலகை, ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஸ்டாப்கள். உலகில் வேறெங்கும் ஏழு அடுக்கு கிடையாது.

1944 செப்டம்பரில் வந்த பெரும் புயலில் கடல் நீர் அடித்தளத்துக்குள் புகுந்து காற்றியந்திரங்களைக் கெடுத்தது. அதன்பின் கவனிப்பாரின்றி, பகுதி பகுதியாக ஒலி நின்றது. இந்த நூற்றாண்டில்தான் மீட்புப் பணி முறையாக நடக்கிறது. பாதிக்கு மேல் இப்போது மீண்டும் பேசுகிறது.

எங்கள் ஆலைச் சங்கைவிட அது சத்தமாக ஊதுமா? பக்கத்தில் நின்றால் காது போய்விடாதா?

செம்பனை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவர் கேட்டது, அழுத்தம் என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஆர்கனில் காற்றழுத்தத்தை நீரின் உயரத்தால் அளப்பார்கள். வளைந்த குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் ஊதினால் மறுபக்கம் எவ்வளவு உயர்கிறது என்பதுதான் அளவு. சாதாரண ஆர்கனுக்கு மூன்று நான்கு அங்குலம் போதும். அட்லாண்டிக் சிட்டியின் ‘கிராண்ட் ஆஃபிக்ளைட்’ என்ற ஸ்டாப்புக்கு 100 அங்குலம், அதாவது இரண்டரை மீட்டர் உயரத் தண்ணீர். கொதிகலனோடு ஒப்பிட்டால் இது அற்பம். இசைக்கருவிக்கு இது பயங்கரம்.

உலகின் மிகச் சத்தமான ஆர்கன் ஸ்டாப் என்று கின்னஸ் இதைத்தான் குறிப்பிட்டது. மிகச் சத்தமான ரயில் ஊதலைவிட ஆறு மடங்குக்கும் மேல் என்று அதில் இருந்தது. குழாய் அறைக்குள் அப்போது யாரும் நிற்கக் கூடாது. ஆனால் பெரிய ஆர்கன் என்றாலே சத்தம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வனமேக்கரைப் பற்றிச் சொன்னபோது வந்த 88 தந்தி வரிசைகளை நினைவில் வையுங்கள்.

64 அடிக் குழாயின் ஒலி காதுக்கே கேட்காதாமே. கேட்காத ஒலியை எதற்கு ஊத வேண்டும்?

நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளும்.

குழாய் இருமடங்கு நீண்டால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி இறங்கும். எட்டடிக் குழாய் நொடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிர்கிறது. பதினாறடி 33, முப்பத்திரண்டடி 16, அறுபத்து நான்கடி 8. மனிதக் காது ஸ்வரமாக உணர்வது சுமார் 20-க்கு மேல். ஆகவே 32 அடியிலேயே நாம் எல்லைக்கு வெளியே வந்துவிடுகிறோம். 64 அடியில் எட்டு அதிர்வையும் தனித்தனித் தட்டல்களாக எண்ணக்கூட முடியும்.

இந்த நீளத்தில் உண்மையாகக் கட்டப்பட்ட ஸ்டாப்கள் உலகில் இரண்டே. ஒன்று சிட்னி நகர மண்டபத்தில் இருக்கிறது. லண்டனின் வில்லியம் ஹில் நிறுவனம் செய்து 1890-இல் முடித்தது. அன்று அதுவே உலகின் மிகப் பெரிய ஆர்கன். இன்னொன்று அட்லாண்டிக் சிட்டியில். இரண்டிலுமே அந்த ஸ்டாப் புல்லாங்குழல் வகை அல்ல, துடிக்கும் உறுப்பு உள்ள வகை. அதில்தான் சூட்சுமம். அடிப்படை அதிர்வு கேட்காவிட்டாலும் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகள் நிறையவே எழுகின்றன. அவற்றைக் காது கேட்டு, கீழே ஏதோ ஒன்று இருக்கிறது என்று தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. பெஞ்சு அதிரும், நெஞ்சுக்கூடு உணரும்.

தேவையா என்றால், 32 அடி தேவை. பெரிய கட்டடத்தில் கூட்டுப் பாடலுக்கு அடியில் அது வந்து நிற்கும்போது தரையே பாடுகிறது. 64 அடி தேவையில்லை. இசையால் அந்தச் செலவுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் சிட்னியில் படிக்கப் போகிற பிள்ளைகளிடம் அந்த மண்டபத்துக்கு ஒருமுறை போய்வரச் சொல்கிறேன். உலகில் இரண்டே இடத்தில் கிடைக்கிற ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளாமல் வருவது அநியாயம்.

இதை வாசிக்க எத்தனை பேர் வேண்டும்? காற்றை யார் அடிப்பது?

வாசிப்பது ஒருவர்தான். இரண்டு கை, இரண்டு கால். அடுக்கடுக்காக விசைப்பலகைகள் இருப்பதால் ஒரு கை ஒரு குரலிலும் மறுகை வேறு குரலிலும் ஓடும். நூற்றுக்கணக்கான ஸ்டாப்களை நடுவில் மாற்ற நேரமில்லை என்பதால் முன்கூட்டியே சேர்க்கைகளை அமைத்துவைத்து, விரல் நுனியில் இருக்கும் பொத்தான்களால் ஒரே அழுத்தில் மாற்றுவார்கள்.

காற்று விஷயத்தில் பழங்காலம் வேறு. இங்கிலாந்தின் வின்செஸ்டரில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரு ராட்சத ஆர்கன் இருந்ததாக உல்ஃப்ஸ்தான் என்ற துறவி பாடலில் எழுதி வைத்திருக்கிறார். 400 குழாய், 26 துருத்தி, எழுபது ஆட்கள் வியர்க்க வியர்க்கக் காற்றடித்தார்களாம், கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். கவிஞர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். பெரிதாகக் கட்டும் ஆசைக்கு ஆயிரம் வயது என்பதற்கு அது போதும். 1871-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்து ஆர்கனுக்கு நீராவி எந்திரம் காற்று தள்ளியது. இப்போது எல்லாம் மின்மோட்டார்.

இத்தனை ஆயிரம் குழாய் வீண் ஆடம்பரம்தானே? அந்தப் பணத்தில் பள்ளி கட்டலாமே?

கேட்டவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கூரை மாற்றப் பணம் திரட்டி அலைந்தவர். அவருக்கு நான் மேலோட்டமாகப் பதில் சொல்லவில்லை.

யாருடைய பணம் என்று முதலில் பார்க்க வேண்டும். வனமேக்கர் ஒரு வணிகர், சொந்தப் பணத்தைப் போட்டார். கடைக்குக் கூட்டம் வர வேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. ஆனால் எதையும் வாங்காமல் உள்ளே வந்து நின்ற ஏழைக்கும் அது இலவசமாகவே ஒலித்தது. ஞாயிறு தவிர்த்து நாளுக்கு இரண்டு முறை, தலைமுறை தலைமுறையாக. அட்லாண்டிக் சிட்டியில் நகரத்தின் பொதுப்பணம், அதுவும் மக்கள் வேலையிழந்து நின்ற ஆண்டுகளில். ஆசிரியையின் கேள்வி அங்கே முழுவதும் செல்லும். அங்கே நான் அவர் பக்கம்.

அடுத்தது, பெருக்கியதால் புதிதாக என்ன கிடைத்தது என்ற கேள்வி. மூவாயிரம் குழாயில் இசைக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. பத்தாயிரத்தில் பெரிய பேராலயம் நிறையும். லிவர்பூல் பேராலயத்தின் 10,268 குழாய் ஆர்கன் அந்தப் பிரம்மாண்டமான கட்டடத்துக்குப் பொருந்தியே இருக்கிறது. ஜெர்மனியின் பாசாவில் 17,974 குழாய்கள், ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. பேராலயத்தில் ஐந்து இடங்களில் ஐந்து ஆர்கன்களாக நின்று ஒரே விசைப்பலகைக்குக் கட்டுப்படுகின்றன. ஒலி மேலிருந்தும் பின்னாலிருந்தும் வருகிறது, அந்தப் பெருக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மேலே போகப் போக, சேர்க்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் காதுக்குக் கிடைப்பது குறைகிறது, பராமரிப்பவனின் சுமை மட்டும் கூடுகிறது. யாரும் கழுவ முடியாத, யாரும் சுருதி சேர்க்க முடியாத குழாய் எதுவோ, அங்கேதான் பேராசை தொடங்குகிறது. வனமேக்கர் அந்தக் கோட்டின்மேல் நடந்தும் விழாமல் நின்றது, ஏனென்றால் பட்டறையும் ஆட்களும் கூடவே இருந்தார்கள். அட்லாண்டிக் சிட்டியில் கருவியைக் கட்டினார்கள், அதைக் காக்கும் ஏற்பாட்டைக் கட்டவில்லை.

பெரியது என்றால் நன்றாக ஒலிக்கும் என்று அர்த்தமா?

இல்லை. நெதர்லாந்தின் ஹார்லம் நகரில் 1738-இல் கிறிஸ்தியான் மியூல்லர் முடித்த ஆர்கனை 1766-இல் பத்து வயது மொசார்ட் வாசித்தான். ஏறத்தாழ ஐயாயிரம் குழாய்தான். அதைக் கேட்க இன்றும் உலகெங்கும் இருந்து ஆர்கன்காரர்கள் போகிறார்கள். கட்டடத்தின் எதிரொலியும், ஒவ்வொரு குழாயின் வாயையும் தனித்தனியாகச் செதுக்கிக் குரல் கொடுத்தவரின் கையும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன.

நம் நாட்டில் எங்கே கேட்கலாம்?

கோலாலம்பூரில், இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்தில். ஜெர்மனியின் பான் நகரத்து கிளைஸ் நிறுவனம் செய்தது. 1998-இல் மண்டபத்தோடு வந்தது. ஏறத்தாழ 3,000 குழாய். சிங்கப்பூர் எஸ்பிளனேடில் அதே கிளைஸ் செய்த 4,740 குழாய் ஆர்கன் இருக்கிறது. ஆர்கன் ஒலிக்கும் நிகழ்ச்சியா என்று பார்த்து டிக்கெட் வாங்குங்கள். எல்லாக் கச்சேரியிலும் அதை வாசிப்பதில்லை.

நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் அது தாங்குமா?

தாங்கும், ஆனால் விடாமல் கவனிக்க வேண்டும். சூடு கூடினால் காற்றில் ஒலியின் வேகம் கூடும், குழாயின் ஸ்வரமும் ஏறும். பத்து டிகிரி மாறினால் அரைஸ்வரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நகர்ந்துவிடும். நாக்குத் துடிக்கும் குழாய்கள் அதே அளவு நகராது. அதனால் இரண்டு வகையும் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் போகும். கச்சேரிக்கு முன்பே குளிர்சாதனத்தைப் போட்டு அறையை ஒரே வெப்பத்தில் வைப்பது இதற்காகத்தான். ஈரத்தில் மரம் உப்பும், தோல் பூஞ்சை பிடிக்கும்.

நம் தட்பவெப்பத்திலேயே பிறந்த ஆர்கன் ஒன்று இருக்கிறது. மணிலாவை ஒட்டிய லாஸ் பின்யாஸில் தியெகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1824-இல் முடித்தது. 1,031 குழாய்களில் 902 மூங்கில். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்து வைத்து, பூச்சி அரிக்காமல் தப்பியதை மட்டும் எடுத்துக் குழாயாக்கினார். பூகம்பமும் புயலும் அதைச் சிதைத்தன. 1970-களில் பானுக்கு அனுப்பி, மேலே சொன்ன அதே கிளைஸ் பட்டறையில் செப்பனிட்டு, 1975-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தப் பாதிரியாரை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது. ஐரோப்பாவிலிருந்து உலோகம் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

என் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் அதே ஒலி வருகிறதே மாஸ்டர்?

அதன் புகைப்படம் வருகிறது. நல்ல புகைப்படம்தான், பயிற்சிக்குப் போதும். ஆனால் ஆயிரம் குழாய் ஆயிரம் இடத்திலிருந்து காற்றைத் தள்ளுவதை இரண்டு ஸ்பீக்கர் செய்யாது. 64 அடிக் கேள்விக்குச் சொன்ன அந்த அடிநாதத்தையும் சிறிய ஸ்பீக்கரால் தள்ள முடியாது.

அதில் தோடி வாசிக்க முடியுமா?

முடியாது. கமகம் இல்லாமல் தோடி இல்லை. ஆர்கன் குழாய் ஒரு ஸ்வரத்தில் நின்றால் நின்றதுதான், வழுக்கிப் போகாது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தைத் தள்ளி வைத்தது. பெடலில் ஷட்ஜமும் பஞ்சமமும் அழுத்தி வைத்துக்கொண்டு அதன்மேல் ஒருவர் பாடினால் அழகாக இருக்கும் என்பது என் நம்பிக்கை. 32 அடியில் ஒரு சுருதி! அதற்காக எந்த மண்டபமாவது கதவைத் திறந்தால் நல்லது.

ஏதோ குகையில் இருப்பதுதான் உலகிலேயே பெரிய ஆர்கன் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். நீங்கள் சொன்னது தப்பா?

அது அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள லூரே குகை. அங்கே 1950-களில் லீலண்ட் ஸ்பிரிங்கிள் என்பவர் குகைக் கூரையிலிருந்து தொங்கும் 37 சுண்ணாம்புக் கூம்புகளைத் தேர்ந்து, சிலவற்றைத் தேய்த்துச் சுருதி கூட்டி, ரப்பர் முனைச் சுத்தியல்களால் தட்ட வைத்தார். மூன்றரை ஏக்கரில் பரவியிருப்பதால் பரப்பளவில் பெரிய இசைக்கருவி என்று சொல்கிறார்கள். காற்றும் குழாயும் இல்லாததால் நம் கணக்கில் அது வராது. விசைப்பலகையால் வாசிப்பதால் ஆர்கன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

வனமேக்கர் இருந்த கடையை மூடிவிட்டார்களாமே. ஆர்கனை விற்றுவிடுவார்களா?

கடைசியாக அங்கே நடந்த மேசிஸ் அங்காடி 2025 மார்ச்சில் மூடப்பட்டது உண்மை. கட்டடம் தேசிய வரலாற்றுச் சின்னம். ஆர்கன் அதன் சுவர்களுக்குள்ளேயே, பல மாடிகளில் பரவிய அறைகளில் பொருத்தப்பட்டிருக்கிறது. 287 டன் எடையுள்ள கருவியைக் கழற்றி இன்னோர் இடத்தில் பூட்டுவது கிட்டத்தட்ட புதிதாகக் கட்டுவதற்குச் சமம். பெரிதாகக் கட்டியதில் இருக்கும் ஆபத்து இதுதான். கட்டடத்தின் விதியோடு கருவியின் விதியும் பிணைந்துவிடுகிறது.

பெரிய ஆர்கன்கள் ஆபத்திலிருந்து மீள்வதும் உண்டு. 2019-இல் பாரிஸ் நோட்ர டாம் பேராலயம் எரிந்தபோது ஏறத்தாழ எண்ணாயிரம் குழாயுள்ள ஆர்கன் தீயில் சிக்காமல் தப்பியது. ஆனால் கூரை உருகிய காரீயத் தூள் அதன்மேல் படிந்தது. ஒவ்வொரு குழாயாகக் கழற்றித் துடைத்து, திரும்பப் பூட்டி, அமைதிக்காக இரவுகளில் குரல் சேர்த்து, 2024 டிசம்பரில் மீண்டும் ஒலிக்கச் செய்தார்கள்.

ஃபோனில் கேட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்கிற அளவுக்கு ஒன்றுமே தெரியவில்லையே?

ஃபோன் ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியை வெட்டி எறிந்துவிடும். எட்டடிக் குழாயின் கீழ்ப்பகுதியே அதில் வராது, முப்பத்திரண்டடியைக் கேட்கவே வேண்டாம். காதை மூடும் ஹெட்ஃபோன் போடுங்கள், அல்லது கல்யாண மண்டபத்தில் பாட்டுப் போடுகிற ஆளிடம் தாழ்வொலிப் பெட்டியை ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். முதலில் வனமேக்கரின் தந்திக் குரல்களை, விளக்கை எரியவிட்டே, சத்தம் குறைவாக வைத்துக் கேளுங்கள். அடுத்து ஹார்லம். முழு ஆர்கனும் முழங்கும் பதிவை மூன்றாவதாக வையுங்கள். முதலிலேயே அதைக் கேட்டவர்கள் சத்தம் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்கள், மெல்லியதிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.